அப்பா என்ற பெயரை நீ நகர்த்தியபோது

மகனுக்கு,

இந்தக் கடிதத்தை நான் உறையில் போட்டு ஒட்டவில்லை. உன் அப்பாவின் புத்தகம் இருக்கும் அதே இடத்தில், கிட் என்று நீ சொல்லும் மென்பொருள் காத்து வைத்திருக்கும் அந்தக் களஞ்சியத்தில், என் கிளையில், என் பெயரில் வைக்கிறேன். அதைத் திறந்து பார்க்க அனுமதி உள்ளவர்கள் நம் இருவரைத் தவிர உன் நண்பர்கள், புதுக்கோட்டை அச்சகக்காரர், நீ தாலி கட்டப்போகும் பெண். எல்லோரும் படிக்கட்டும். நீ செய்ததை ஒருவருக்கும் தெரியாமல் செய்தாய்; நான் அதற்குச் சொல்லும் பதிலை எல்லோரும் பார்க்கட்டும் என்று விடுகிறேன். கல்யாண வேலை தலைக்கு மேல் இருக்கும்போது பெற்றவள் இப்படியா எழுதுவாள் என்று கேட்பாய். நீ அதைச் செய்ததே இந்தக் கல்யாணத்துக்காகத்தான். ஆகவே கல்யாணத்துக்கு முன்பே இதைப் படித்து முடி. பாதியில் நிறுத்தி எனக்குப் போன் செய்யாதே.

உன் அப்பா கீரனூரைச் சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் மாட்டு டாக்டர். ஓய்வு பெற்ற பிறகு, மாடு வளர்ப்பவர்கள் வீட்டில் வைத்துப் படிக்க ஒரு புத்தகம் எழுத வேண்டும் என்று ஆரம்பித்தார். நோய் முற்றி எழுத முடியாமல் போனதும் அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். நீ பெங்களூரில் இருந்தபடி அத்தியாயங்களை வாங்கித் திருத்தினாய். நான் ஒரு திருத்தம், நீ ஒரு திருத்தம், யாருடையது கடைசி என்று தெரியாமல் சண்டை வந்தபோது எல்லாவற்றையும் தூக்கி இந்தக் கிட்டில் போட்டாய். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் அந்த நேரத்து நிலை முழுவதும் தனிப் பதிவாக நிற்கும், பழையது அழியாது, யார் எப்போது எதை மாற்றினார் என்று தெரியும் என்றாய். எனக்கு அது பிடித்திருந்தது. திருச்சி கான்வென்டில் எங்கள் சிஸ்டர் ரப்பர் கொண்டுவர விட மாட்டார். தவறாக எழுதிவிட்டால் மேலே ஒரே ஒரு கோடு போட வேண்டும். கோட்டுக்கு அடியில் தவறு படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். அப்படி வளர்ந்தவளுக்கு உன் மென்பொருளை ஏற்றுக்கொள்வதில் சிரமம் ஒன்றும் இருக்கவில்லை.

உன்னோடுதான் சிரமம். கிளை என்றால் என்ன என்று கேட்டேன். "அதெல்லாம் ஒங்களுக்கு எதுக்கும்மா, நான் எழுதிக் குடுத்த கட்டளைய மட்டும் அடிங்க" என்றாய். எனக்கு விளங்காத ஒன்றை நான் கையால் தொடுவதில்லை. நீ போனை வைத்த பிறகு அந்தக் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் கோப்புறையைத் திறந்தேன். கிளைகளுக்கு ஓர் இடம், டேக்குகளுக்கு ஓர் இடம். என் கிளையின் பெயரில் இருந்த கோப்பைத் திறந்தால் உள்ளே ஒரே வரி. எண்ணும் எழுத்துமாகக் கலந்த, வாய்க்கு வராத ஒரு வரி. அது ஒரு பதிவின் அடையாளம். அவ்வளவுதான் கிளை. மரத்துக் கிளை மாதிரி பூவும் பிஞ்சுமாக அதற்குள் புத்தகம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது வெறும் பெயர், ஒரு பதிவைச் சுட்டிக் காட்டுகிற பெயர். நான் புதிதாக ஒன்றைச் சேமித்தால் அந்தப் பெயர் பழைய பதிவை விட்டுப் புதிய பதிவின் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. திருச்சி பஸ்ஸின் நெற்றியில் இருக்கிற பலகை மாதிரி, வண்டி போகிற இடமெல்லாம் கூடவே போகிறது. பிறகு டேக்கைத் திறந்தேன். அதிலும் அதே மாதிரி ஒரே வரி. ஆனால் நான் எத்தனை முறை சேமித்தாலும் அந்த வரி மாறவில்லை. பலகை போல் ஓடாமல் ரோட்டோரத்து மைல்கல் போல் ஊன்றி நிற்கிறது. இரண்டும் பெயர்தான், இரண்டும் ஒரு வரிதான். ஒன்று நகர்வதற்கு, மற்றது நிற்பதற்கு. நிற்க வேண்டியதை நகர்த்தவும் ஒரு கட்டளை இருக்கிறது, ஆனால் அதற்குப் பலவந்தம் என்று தனியாகச் சொல்லி அடிக்க வேண்டும் என்பதையும் அன்றைக்கே படித்து வைத்தேன்.

புத்தகம் முடிந்த நாள் உனக்கு மறந்திருக்காது. நீ ஊருக்கு வந்திருந்தாய். கடைசிப் பக்கத்தை நான் வாசித்துக் காட்ட, அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "போதும். இனி ஒரு எழுத்து மாத்தாதீங்க" என்றார். நீ மடிக்கணினியை அவர் படுக்கை மேலேயே வைத்துத் தட்டினாய்.

"டேக் போட்டாச்சுப்பா. அப்பான்னே பேரு வச்சுட்டேன்."

"டேக்குன்னா என்னடா?"

"நீங்க மாட்டுக் காதுல அடிப்பீங்கள்ல, அதுதான்ப்பா. அம்மா மாத்துனாலும் நான் மாத்துனாலும் இது இங்கனயே நிக்கும். நகராது."

"ஒங்கம்மா மாத்தாம இருக்க மாட்டா. நல்லா அழுத்தி அடி."

நாம் மூவரும் சிரித்தோம். அந்த வாரத்திலேயே அவர் போய்விட்டார். காது வில்லையை உவமையாகச் சொன்னது நீ. அந்த உவமை யாரிடம் சொல்லப்பட்டது என்பதை யோசித்துப் பார்த்தாயா? இன்சூரன்ஸ் செய்த மாட்டுக்குக் காதில் எண் போட்ட வில்லை அடிப்பார்கள். ஒருவர் ஒருமுறை செத்துப்போன வேறொரு மாட்டின் காதில் அந்த வில்லையைக் கோத்து, இதுதான் இன்சூரன்ஸ் மாடு, செத்துவிட்டது, சான்றிதழ் எழுதுங்கள் என்று நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். உன் அப்பா அந்தக் காதை ஒரு தடவை தடவிப் பார்த்தார். "ஓட்டை புதுசா இருக்கே? செத்த பெறகா காது குத்துனீங்க?" என்று கேட்டார். "ஒரு சின்ன வில்லைதானே டாக்டர், இதுக்குப் போயி" என்று அவர் இழுத்தார். உன் அப்பா யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்குத் தெருவே கேட்கிற மாதிரி அதட்டினார். "சின்ன வில்லைய நம்பித்தான்யா நான் கையெழுத்துப் போடுறேன், எடுத்துக்கிட்டுப் போ" என்றார். நீ அப்போது முற்றத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாய். காதில் விழவில்லை என்று என்னிடம் சொல்லாதே.

இப்போது நீ செய்ததற்கு வருகிறேன். கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் அப்பாவின் புத்தகத்தை வைத்துக் கொடுக்கலாம் என்றது உன் யோசனை. நல்ல யோசனை என்று நானும் சொன்னேன். முதல் பக்கத்தில் 'ஆசிரியர் விட்டுச் சென்றபடியே' என்று போடலாம் என்றதும் நீதான். அச்சகக்காரருக்கு அப்பா என்ற டேக்கின் இணைப்பை அனுப்பி, இதை அப்படியே எடுத்து அச்சடியுங்கள் என்று சொல்லிவிட்டாய். போன வெள்ளிக்கிழமை வழக்கம்போல உன் கிளையில் என்ன புதிது என்று பார்ப்பதற்காக நீ எழுதிக் கொடுத்த கட்டளையை அடித்தேன். உன் கிளை வந்தது. கடைசி வரியில் ஒரு மறுப்பு வந்தது: அப்பா என்ற டேக் ஏற்கெனவே இங்கே இருக்கிறது, வந்திருப்பது அதை அடித்து வீழ்த்திவிடும், ஆகவே ஏற்கவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. வேறு யாராவது என்றால் கணினி ஏதோ முனகுகிறது என்று மூடி வைத்திருப்பார்கள். என்னை வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் கடைசி வரி வரை வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். என் கணினியில் அப்பா ஒரு பதிவின் மேல் நிற்கிறார். நம் எல்லோருக்கும் பொதுவான சர்வரில் அப்பா வேறொரு பதிவின் மேல் நிற்கிறார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கணினியிடம் கேட்டேன். திரை முழுவதும் சிவப்பாக வந்தது. நீக்கப்பட்ட வரிகளை அது சிவப்பில் காட்டும். காளைகளைப் பற்றிய அத்தியாயம் ஒரு வரி விடாமல் சிவப்பாக இருந்தது.

உடனே உனக்குப் போன் செய்தேன். மறுப்பாய் என்று நினைத்தேன். மறுக்கவாவது செய்திருக்கலாம்.

"அம்மா, அது ஒரு பேருதாம்மா. பழசு எங்கிட்டும் போகல. உள்ள அப்பிடியே பத்திரமா இருக்கு."

"உள்ள இருக்குன்னு எனக்கும் தெரியும். அங்க போயி அப்பான்னு கூப்பிட்டா எது வரும்?"

"பொண்ணு வீட்டுல, மாமாகிட்ட நாலு ஜல்லிக்கட்டுக் காளை நிக்கிது. அவரு கையிலயே இந்தப் பொஸ்தகத்தக் குடுத்து, இங்க பாருங்க, எங்கப்பா ஒங்களத் திட்டியிருக்காருன்னு சொல்லவா? கல்யாணம் முடியட்டும். அடுத்த பதிப்புல சேத்துக்கலாம்."

"எடுக்கறதுக்கு முன்னாடி என்கிட்ட ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க விட்ருவீங்களா?"

கடைசியாக நீ சொன்னது ஒன்றுதான் உண்மை. கேட்டிருந்தால் விட்டிருக்க மாட்டேன். அதனால் நான் பார்க்காத நேரமாக எடுத்தாய். பழையது அழியவில்லை என்ற உன் வாதத்தை நான் மறுக்கவில்லை. உன் கிளையும் என் கிளையும் அந்தப் பதிவின் மேல்தான் வளர்ந்து நிற்கின்றன. ஆனால் அது பெயர் இல்லாமல் அடியில் கிடக்கிறது. அப்பா என்று கேட்கிற அச்சகக்காரர் கையில் அவர் எழுதாத புத்தகம் போய்ச் சேருகிறது, அதன் நெற்றியில் 'விட்டுச் சென்றபடியே' என்ற உன் வாசகத்தோடு. யார் எழுதியதையும் நீ அழிக்கவில்லை. செத்துப்போன மனிதரைச் சொல்லாததைச் சொன்னவராகவும், சொன்னதைச் சொல்லாதவராகவும் ஆக்கிவிட்டாய். அவரால் எழுந்து வந்து இது என் புத்தகம் இல்லை என்று சொல்ல முடியாது என்பது உனக்கு எவ்வளவு வசதி!

அந்த அத்தியாயத்தில் அவர் யாரையும் திட்டவில்லை. நீ அதைச் சரியாகப் படித்தாயா என்றே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. மஞ்சுவிரட்டுக்கு முன்னால் காளைகளைச் சோதித்து, ஓட விடலாம் என்று சான்று கொடுக்கிற வேலையைப் பல வருடம் செய்தவர் அவர். வாலை முறுக்கி முறுக்கிக் கணு விட்டுப்போன காளைகளை அவர் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறார். கண்ணில் எலுமிச்சைச் சாறு பிழிந்திருப்பதை வாசனையில் கண்டுபிடித்திருக்கிறார். கால் ஒடிந்த காளையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஊரே பார்க்க அழுத பெரிய மனிதரையும் அதே பக்கத்தில்தான் எழுதியிருக்கிறார். 'வளர்ப்பவர்களின் பாசத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை, அந்த ஒரு நாள் அவர்கள் கை செய்வதை மட்டும் எழுதுகிறேன்' என்பது அவர் சொல்ல நான் தட்டச்சு செய்த வாக்கியம். ஜல்லிக்கட்டே கூடாது என்று ஒரு வரி அதில் இருக்கிறதா? காட்டு, பார்க்கலாம்.

உனக்கு அது பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கலாம். அதற்குத்தானே கிளை வைத்திருக்கிறாய்? எனக்கும் அவர் எழுதியதில் எல்லாம் பிடித்துவிடவில்லை. கன்றுகளின் குடல் புழு அத்தியாயத்தில் வாக்கியங்கள் நொண்டுகின்றன. என் கிளையில் அதை முழுவதும் மாற்றி எழுதியிருக்கிறேன், அவர் எழுதியதைவிட நன்றாகவே. அது என் பெயரில் என் கிளையில் இருக்கிறது. படிக்கிறவர் இது இவள் செய்த வேலை என்று தெரிந்து படிப்பார். அப்பா என்ற பெயரை என் நல்ல வாக்கியங்களின் மேல் தூக்கி வைக்க எனக்குத் தோன்றவில்லை. மாறுபட்டு நிற்பதில் ஒரு குறையும் இல்லை. நீ உன் அப்பாவோடு மாறுபடு, என்னோடு மாறுபடு, வரப்போகிறவளோடும் மாறுபடு. உன் பெயரைப் போட்டு மாறுபடு. அடுத்தவர் பெயருக்குள் ஒளிந்துகொண்டு செய்யாதே. குடும்பம் நடத்தப் போகிறவனுக்கு நான் சொல்ல வேறு புத்திமதி இல்லை, இது ஒன்று போதும்.

நேற்று நான் உன் மாமனார் வீட்டுக்குப் போனேன். ஆம், உன்னிடம் சொல்லாமல்தான் போனேன். ஆனால் எங்கே போனேன், என்ன பேசினேன் என்று இதோ எழுதுகிறேன்; வித்தியாசத்தைக் கவனி. அத்தியாயத்தை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, புதுக்கோட்டையில் பஸ் மாறி, சித்தன்னவாசல் ரோட்டில் இறங்கி, வெயிலில் நடந்தேன். வாசலில் காளைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் பதறிவிட்டார்.

"வாங்க சம்மந்தி, சொல்லியிருந்தா கார் அனுப்பிருப்பேன்ல. இந்த வெயில்ல நடந்தா வாரீங்க?"

"பஸ்ஸு ரோட்டு வரைக்கும் வருது. ஒங்களுக்கு ஒண்ணு படிச்சுக் காட்டணும்."

"மொதல்ல காப்பியக் குடிங்க" என்று சம்மந்தியம்மா உள்ளே இருந்து வந்தார். படித்துவிட்டுக் குடிக்கிறேன் என்றேன். படித்த பிறகு காப்பி கிடைக்குமா என்ற சந்தேகமும் எனக்கு இருந்தது. நின்றுகொண்டே முழு அத்தியாயத்தையும் படித்தேன். அவர் கயிற்றைக் கையில் பிடித்தபடி கேட்டார். முகம் கறுத்துக்கொண்டே போனது.

"டாக்டர் எழுதுனதா இது?"

"அவரு சொன்னாரு, நான் அடிச்சேன்."

"எங்க காளையத்தான் சொல்றாரா?"

"பேரு ஊரு எதுவும் இல்ல. ஒங்க காளை மாதிரி ஒங்களுக்குத் தெரிஞ்சா அதுக்கு நான் என்ன பண்ண?"

சம்மந்தியம்மா சிரிப்பை மறைக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் மனைவியை ஒரு முறை முறைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"வால முறுக்குறது நெசம். இல்லைன்னு சொன்னா இந்தக் காளையே என்னைய முட்டும். ஆனா எலுமிச்சங்கா எங்க தொழுவத்துல கெடையாது. எங்க அப்பாரு காலத்துலயும் கெடையாது. அத நான் ஒத்துக்க மாட்டேன்."

"ஒத்துக்க வேணாம். ஒங்க பக்கத்த எழுதிக் குடுங்க. ஒங்க பேரப் போட்டு அடுத்த பக்கத்துலயே அடிச்சிருவோம்."

"எழுதுறேன். நல்லாவே எழுதுறேன். மாப்பிள்ளைக்கு இது தெரியுமா?"

நீ அத்தியாயத்தை எடுத்துவிட்டதைச் சொன்னேன். அதை எப்படிச் செய்தாய் என்று கேட்டார். காது வில்லையை ஒரு மாட்டிலிருந்து கழற்றி இன்னொரு மாட்டில் அடித்தால் எப்படியோ அப்படி என்றேன். மாடு வளர்க்கிறவருக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. காளையைக் கட்டுத்தறியில் கட்டிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"நான் கோவிச்சுக்கிட்டுக் கல்யாணத்த நிறுத்திருவேன்னு பயந்துட்டாராக்கும்? கோவம் இருக்குது சம்மந்தி, இப்பவும் இருக்குது. டாக்டர் மேல இருக்குது. நேர்ல இருந்தா ரெண்டு வார்த்தை கேட்டுருப்பேன், அவரும் பதிலுக்கு ரெண்டு சொல்லிருப்பாரு. ஆனா என் மூஞ்சியப் பாக்காமயே எனக்குக் கோவம் வரும்னு முடிவு பண்ணி, பெத்த தகப்பன் எழுத்த வெட்டுற ஆளு, நாளைக்கி என் மகள்கிட்ட எத மறைப்பாரு?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நீ. அந்தப் பெண் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "என்கிட்டயும் அவரு சொல்லல அத்தை" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். காப்பி கிடைத்தது. கிளம்பும்போது சம்மந்தி ஒன்று சொன்னார், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்: இந்தப் புத்தகத்தைத் தாம்பூலப் பையில் போட்டுத் தன் சொந்தபந்தத்துக்குத் தன் கையால் கொடுக்க மாட்டாராம். அது அவர் உரிமை. சரி என்று ஒத்துக்கொண்டு வந்துவிட்டேன். புத்தகத்தை மாட்டுச் சந்தையில் வைத்துக் கொடுப்பேன். அங்கேதான் அதைப் படிக்க வேண்டியவர்கள் வருவார்கள்.

இன்று காலை அச்சகத்துக்குப் போனேன். அச்சடிக்க ஆரம்பித்திருக்கவில்லை. உன் இணைப்பை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, என் மடிக்கணினியிலிருந்து, என்னிடம் நகராமல் நிற்கிற அந்தப் பதிவிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். சம்மந்தியின் பதில் நாளை வருகிறது. அவர் பெயரோடு, தனிப் பக்கமாக, பின்னால் சேரும். களஞ்சியத்தில் அந்தப் பதிவுக்கு ஒரு புது டேக்கும் போட்டிருக்கிறேன். நீ அன்றைக்கு அவசரத்தில் போட்டது பெயர் மட்டும் உள்ள வகை. அதை நகர்த்தினால் நகர்த்தியது யார் என்று அந்த டேக் சொல்லாது. இன்னொரு வகை இருக்கிறது. போட்டவர் பெயர், நாள், எதற்காகப் போட்டார் என்ற குறிப்பு, எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். நான் போட்டது அந்த வகை. குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன்: அவர் சொன்னபடி முழுவதும் இதுதான், நான் உடனிருந்தேன்.

சர்வரில் நீ நகர்த்தி வைத்த அப்பாவை நான் தொடவில்லை. பலவந்தக் கட்டளை எனக்கும் தெரியும். அடித்திருந்தால் ஒரு நொடியில் பழைய இடத்துக்குப் போயிருக்கும். நீ செய்ததை நானும் செய்து அதைச் சரி என்று ஆக்க விருப்பமில்லை. எடுத்தவன் திருப்பி வைக்க வேண்டும். வைத்தால் யார் வைத்தது, ஏன் வைத்தது என்று எழுதி வை. எழுத வெட்கமாக இருந்தால் அந்த வெட்கத்தோடு எழுது.

முகூர்த்தத்துக்கு வருவேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்காருவேன். போட்டோவுக்குக் கூப்பிட்டால் மேடைக்கும் வருவேன். அட்சதை போடுவேன், அது அந்தப் பெண்ணுக்கு. நான் வந்ததைப் பார்த்து அம்மா சமாதானமாகிவிட்டாள் என்று உன் நண்பர்களிடம் சொல்லிக்கொள்ளாதே. ஆகவில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் அந்தக் கட்டளையை அடிப்பேன். அந்த மறுப்பு வந்துகொண்டிருக்கும் வரைக்கும் உன் போனை எடுக்க மாட்டேன்.

உன்னைப் பெற்றவள்